தோற்கும் அணிக்கு எந்த கோச் வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

சீசன் முடிந்ததும் வரும் கடிதங்களில் "எங்க கோச்சை எப்போ மாத்துவாங்க?" என்ற கேள்விதான் வழக்கமாக அதிகம் இருக்கும். இந்த முறை பல இடங்களில் மாற்றியே விட்டார்கள், அதனால் அடுத்து யார் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலை இவ்வளவு ஆர்வமாகப் பார்க்கும் நம்மவர்கள் இத்தனை பேரா என்று சந்தோஷமாக இருக்கிறது. கல்லூரியின் பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள், அதனால் எல்லாக் கடிதங்களிலும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: சார், நான் படித்த பல்கலைக்கழகத்தின் அணி இந்த சீசனில் 12 ஆட்டத்தில் 2 மட்டும்தான் ஜெயித்தது. கோச்சை நவம்பரிலேயே அனுப்பிவிட்டார்கள். இப்போது நான்கு பேர் பெயர் அடிபடுகிறது: பெரிய அணி ஒன்றின் அஃபென்ஸ் கோஆர்டினேட்டர் (தாக்குதல் ஆட்டத்தை வகுக்கும் உதவி கோச்), என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கில் இருந்து ஒருவர், சின்னக் கல்லூரியில் தொடர்ந்து ஜெயித்துவரும் தலைமை கோச் ஒருவர், ஏற்கெனவே வேறு இடத்தில் நீக்கப்பட்ட ஒருவர். முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால் யாரை எடுப்பீர்கள்? — வாசகர், டாலஸ்

பதில்: மூன்றாவது ஆளை. சின்ன இடமோ பெரிய இடமோ, தலைமை கோச்சாக இருந்து போன இடமெல்லாம் ஜெயித்தவர் கிடைக்கிறார் என்றால் மற்ற மூன்று பெயரையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தியானா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2023 சீசனில் 3-9, அதாவது 3 வெற்றி, 9 தோல்வி. கல்லூரி ஃபுட்பாலின் மேல்தட்டான எஃப்பிஎஸ்ஸில் அதுவரை அதிகத் தோல்விகளைச் சேர்த்து வைத்திருந்த அணியும் அதுதான். அங்கே யாரை எடுத்தார்கள்? கர்ட் சிக்னெட்டி, அப்போது வயது 62, பெரிய கான்ஃபரன்ஸ் (கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக்) எதிலும் ஒரு நாள்கூடத் தலைமை கோச்சாக இருந்தவர் இல்லை. ஆனால் அவர் வந்த வழி முக்கியம். 2007 முதல் 2010 வரை அலபாமாவில் நிக் சேபனிடம் உதவி கோச்சாக இருந்தார், நடுவில் 2009இல் தேசிய சாம்பியன் பட்டமும் வந்தது, அங்கேயே இருந்திருந்தால் பெயரும் சம்பளமும் தானாக வளர்ந்திருக்கும். அதை விட்டுவிட்டு, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று 2011இல் பென்சில்வேனியாவில் இரண்டாம் டிவிஷன் கல்லூரி ஒன்றுக்குத் தலைமை கோச்சாகப் போனார். அப்போது அலபாமாவில் 85 பேருக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்க முடிந்தது, இரண்டாம் டிவிஷனில் மொத்தமே 36 ஸ்காலர்ஷிப்தான். அங்கிருந்து ஈலான், அப்புறம் ஜேம்ஸ் மேடிசன், அங்கே மட்டும் 52 வெற்றி, 9 தோல்வி. இப்படிப்பட்டவர் இந்தியானாவுக்கு வந்ததும் 2024இல் 11-2. 2025இல் 16-0, கடைசி ஆட்டத்தில் மயாமியை 27-21 என்று வென்று தேசிய சாம்பியன். இரண்டே சீசன்!

அவர் தனியாக வரவில்லை என்பதையும் கவனியுங்கள். ஜேம்ஸ் மேடிசனில் இருந்த இரண்டு கோஆர்டினேட்டர்களும் கூடவே வந்தார்கள், 13 வீரர்களும் வந்தார்கள். அவர் எப்படிப் பயிற்சி நடத்துவார், எதற்குக் கோபப்படுவார், செவ்வாய்க்கிழமை என்ன, வியாழக்கிழமை என்ன என்பதெல்லாம் தெரிந்த ஆட்கள் முதல் நாளே அறைக்குள் இருக்கிறார்கள். புதிதாக வருபவன் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது என்று தேட வேண்டியதில்லை. நேர்காணலில் நான் கேட்கும் முதல் கேள்வியே "உங்களோடு யார் யார் வருவார்கள்?" என்பதாகத்தான் இருக்கும்.

கோஆர்டினேட்டர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர் எல்லோராலும் ஒரு கல்யாணத்தை எடுத்து நடத்திவிட முடியாது. தலைமை கோச்சுக்கு ஆட்டம் வகுப்பது பாதி வேலைகூட இல்லை. நூறு பையன்கள், அவர்களுடைய பெற்றோர், படிப்பு, காயம், நன்கொடையாளர்கள், ரெக்ரூட்டிங் (புது வீரர்களைத் தேடிச் சேர்ப்பது), உதவி கோச்சுகளுக்குள் வரும் மனஸ்தாபம், எல்லாம் அவர் தலையில். விதிவிலக்கு உண்டு, பில் ஸ்னைடர் கேன்சஸ் ஸ்டேட்டுக்கு வந்தபோது அயோவாவில் அஃபென்ஸ் கோஆர்டினேட்டராக இருந்தவர்தான். அவரைப் பற்றிக் கீழே வேறொரு கேள்விக்குச் சொல்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் நான் இருந்த ஊரின் கல்லூரி அணி தோற்றுக்கொண்டே இருந்தது. நவம்பர் மாதம், அந்த சீசனின் கடைசி ஹோம் ஆட்டம், அலுமினியப் பெஞ்சின் குளிர் ஜீன்ஸைத் தாண்டி ஏறுகிறது, மூன்றாவது குவார்ட்டரிலேயே பாதி ஸ்டேடியம் காலி. எங்கள் அணி பண்ட் (பந்தை எதிரணியின் பக்கம் தூரமாக உதைத்துக் கொடுப்பது) உதைக்க வரிசையில் நிற்கிறது, நான் சும்மா தலைகளை எண்ணினேன், பத்து. மறுபடி எண்ணினேன், பத்துதான். கோட்டுக்கு வெளியே ஒரு பையன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு "நானா?" என்பது போல ஒரு உதவி கோச்சைப் பார்க்கிறான், அவர் இன்னொரு உதவி கோச்சைப் பார்க்கிறார். அதற்குள் பந்து போய்விட்டது. உதையைத் தடுத்து, எடுத்துக்கொண்டு ஓடி, டச்டவுனே போட்டுவிட்டார்கள். அந்தப் பையன் ஹெல்மெட்டை மாட்டவே இல்லை, அப்படியே நின்றுகொண்டிருந்தான். அந்த அணியில் திறமை குறைவு என்பது உண்மைதான், ஆனால் மைதானத்தில் பதினோரு பேரை நிறுத்துவதற்குத் திறமையா வேண்டும்? நீக்கப்பட வேண்டியவர் யார் என்று எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது, அந்தப் பையன் இல்லை.

அதனால் உங்கள் கல்லூரியின் தேர்வுக் குழுவில் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்: அந்த சின்னக் கல்லூரிக் கோச்சின் அணி ஜெயித்த ஆட்டங்களைப் பார்க்க வேண்டாம், அவர் தோற்ற ஆட்டங்களின் நான்காம் குவார்ட்டரைப் போட்டுப் பாருங்கள். 20 புள்ளி பின்தங்கிய பிறகும் அவருடைய ஆட்கள் சரியான இடத்தில் நிற்கிறார்களா, தேவையில்லாத பெனால்டி வாங்குகிறார்களா, பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து நிற்கிறார்களா என்று.

கேள்வி: என்எஃப்எல்லில் கொடிகட்டிப் பறந்த ஒருவரைக் கூட்டி வந்தால் நல்ல பையன்கள் தானாகத் தேடி வரமாட்டார்களா? — வாசகர், நியூ ஜெர்சி

பதில்: முதல் வருடம் வருவார்கள். பில் பெலிசிக்கைவிடப் பெரிய பெயர் இருக்கிறதா? நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸின் தலைமை கோச்சாக 6 சூப்பர் பவுல் பட்டம். நார்த் கரோலினா அவரை 2024 டிசம்பரில் எடுத்தது, ஆண்டுக்கு 1 கோடி டாலர். முதல் ஆட்டத்தில் டிசியூ (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) அணியிடம் 48-14 என்று தோல்வி, சீசன் முடிவில் 4-8. அதற்கு முந்தைய வருடம் அதே அணி 6-7.

அவருக்கு ஃபுட்பால் தெரியாதா என்ன? இது வேறு வேலை, அவ்வளவுதான். என்எஃப்எல்லில் வீரனுக்கு அது முழுநேர உத்தியோகம், ஒப்பந்தம் போட்டிருக்கிறான், நினைத்தவுடன் போக முடியாது. கல்லூரியில் சீசன் நேரத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் கட்டாயப் பயிற்சி என்று விதி இருக்கிறது, மீதி நேரத்தில் வகுப்பு, பரீட்சை. கையில் இருப்பவன் 18 வயதுப் பையன், பிடிக்கவில்லை என்றால் ஜனவரியில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல்) திறந்ததும் கிளம்பிவிடுவான். அவனை மறுபடி மறுபடி சமாதானப்படுத்தி இருக்கச் செய்யும் பொறுமை எத்தனை பெரிய கோச்சுக்கு இருக்கும்?

என்எஃப்எல்லில் நட்சத்திர வீரராக இருந்த, கொலராடோவின் டியான் சாண்டர்ஸையும் கேட்பீர்கள். 1-11இல் இருந்த அணியை எடுத்தார், 4-8, அப்புறம் 9-4, அந்த வருடம் அவருடைய வீரர் டிராவிஸ் ஹண்டர், சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதும் வாங்கினார். ஹண்டரும் சாண்டர்ஸின் மகன் ஷெடரும் போன பிறகு 2025இல் 3-9. யாருமே பேசாத அணியை நாடே பேச வைத்தார், அதற்கு மதிப்பு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு வேண்டியது இரண்டு வீரர்கள் போன பிறகும் நிற்கும் அணி.

கேள்வி: எங்கள் அணியில் கோச்சை நீக்கிய பிறகு ஒரு உதவி கோச் தற்காலிகமாகப் பொறுப்பேற்று, 5 ஆட்டத்தில் 3 ஜெயித்துவிட்டார். பையன்கள் எல்லோரும் அவரே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கேட்கலாமா? — வாசகி, அட்லாண்டா

பதில்: கேட்க வேண்டும், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

இப்படி எடுத்து அமோகமாக வந்த கதை கிளெம்சன். 2008 அக்டோபரில் சீசன் நடுவில் டேபோ ஸ்வினியிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர், கோஆர்டினேட்டராகக்கூட இருந்ததில்லை. தற்காலிகமாக 4-2, நிரந்தரம் ஆக்கினார்கள். 2010இல் 6-7 என்று தோற்றபோது அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 2016, 2018 சீசன்களில் தேசிய சாம்பியன்.

எட் ஆர்ஜரான் கதை இன்னும் சுவாரஸ்யம், ஏனென்றால் அவருக்கு இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. 2013இல் யுஎஸ்சியில் (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) தற்காலிகமாக 6-2, நிரந்தரம் ஆக்கவில்லை. 2016இல் எல்எஸ்யூவில் (லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) தற்காலிகமாக 5-2, ஆக்கினார்கள். 2019இல் 15-0, தேசிய சாம்பியன். அதற்கு இரண்டு வருடம் கழித்து அங்கிருந்தும் போக வேண்டி வந்தது.

நான் இப்படிப் பார்ப்பேன். நீக்கப்பட்ட கோச் போன மறுநாளே ஒரு அணிக்கு மூச்சு வரும், இறுக்கம் குறையும், ஒன்றிரண்டு ஆட்டம் ஜெயிக்கும், அது இயல்பு. அந்த உற்சாகம் ஆகஸ்ட் மாதக் கேம்ப் வரை தாங்காது. அவரை உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்போது உங்களோடு வேலை செய்யும் உதவி கோச்சுகளில் யாரை அனுப்புவீர்கள்?" தோற்ற அணியில் எல்லோருமே நன்றாகத்தான் வேலை செய்தார்கள் என்று அவர் சொன்னால் யோசியுங்கள். நேற்று வரை ஒரே மேஜையில் சாப்பிட்ட நண்பனை அனுப்புவது கஷ்டம்தான், ஆனால் அதைச் செய்ய முடியாதவர் அடுத்த வருடம் அதே அணியைத்தான் மறுபடி தருவார். இரண்டு பெயரைச் சொல்லி, காரணமும் சொல்லி, அந்த இடத்துக்கு யார் வருவார் என்பதையும் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள், பையன்களின் கையெழுத்தும் அப்போது பெரிய பலம்.

கேள்வி: எங்கள் கல்லூரியின் பழைய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரர்) இப்போது நல்ல கோச். "நம்ம பையன் வரணும்" என்று ஊரே சொல்கிறது. — வாசகர், சிகாகோ

பதில்: நெப்ராஸ்காவும் இதையேதான் சொன்னது. ஸ்காட் ஃப்ராஸ்ட் 1997இல் நெப்ராஸ்காவின் பட்டம் வென்ற அணியில் குவார்ட்டர்பேக். கோச்சாகவும் சும்மா வரவில்லை, 0-12 என்று கிடந்த யுசிஎஃப்பை (சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம்) இரண்டே வருடத்தில் 13-0 ஆக்கிவிட்டு வந்தார். மேலே டாலஸ் வாசகருக்கு நான் சொன்ன அளவுகோலில் அவர் முழு மதிப்பெண் வாங்குவார். அப்படியும் நெப்ராஸ்காவில் 16-31, 2022 செப்டம்பரில் நீக்கினார்கள்.

எங்கே போயிற்று? ஒரே ஒரு ஸ்கோர் வித்தியாசத்தில் (8 புள்ளிக்குள்) முடிந்த ஆட்டங்களில் அவருடைய கணக்கு 5 வெற்றி, 22 தோல்வி. அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பண்ட்தான் ஞாபகம் வரும். திறமையில் பெரிய வித்தியாசம் இல்லை, நெருங்கி வந்து வந்து தோற்கிறார்கள், பந்தை உதைக்கும் நேரத்தில் இறங்கும் ஸ்பெஷல் டீம்ஸில் ஒரு தவறு, நான்காம் குவார்ட்டரில் ஒரு பந்தைத் தவறவிடுவது. ஊர்ப்பாசத்தால் இதைச் சரிசெய்ய முடியாது. சொந்த ஊர்க்காரர் என்றால் ஜனங்கள் ரொம்ப நாள் பொறுத்துக்கொள்வார்கள், அது நல்லதும்தான், ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைத் தாமதமாகக் கேட்பார்கள்.

இன்னொரு பக்கம் வேண்டர்பில்ட். கிளார்க் லீ அங்கே படித்து அங்கேயே ஆடியவர், தலைமை கோச் அனுபவம் கிடையாது. 2021இல் 2-10, 5-7, மறுபடி 2-10. மூன்று வருடம் ஆகியும் அதே இடம். பெரும்பாலான கல்லூரிகளில் மூட்டை கட்டச் சொல்லியிருப்பார்கள். வேண்டர்பில்ட் வைத்துக்கொண்டது, அவரும் தன்னை மாற்றிக்கொண்டார். டிஃபென்ஸை யாரிடமும் விடாமல் தானே கையில் எடுத்தார், நியூ மெக்சிகோ ஸ்டேட்டில் இருந்து கோஆர்டினேட்டர் டிம் பெக்கையும், அங்கே கோச்சாக இருந்த அனுபவசாலி ஜெர்ரி கில்லையும் கூட்டி வந்தார், குவார்ட்டர்பேக் டியேகோ பவியாவும் அங்கிருந்துதான் வந்தான். 2024 அக்டோபர் 5, நாட்டின் முதலிட அணியான அலபாமாவை 40-35 என்று வென்றபோது மாணவர்கள் கோல்போஸ்டைப் பிடுங்கி, நாஷ்வில் தெருக்களில் தூக்கிக்கொண்டு நடந்து, கம்பர்லேண்ட் ஆற்றில் போட்டார்கள். நான் டிவி முன்னால் எழுந்து நின்று பார்த்தேன், அந்த அணி எனக்கு ஒரு வகையிலும் சொந்தம் இல்லை, ஆனாலும் கண் கலங்கிவிட்டது. 2025இல் அவர்களுக்கு 10 வெற்றி, அந்தக் கல்லூரி அதுவரை பார்க்காதது.

ஆக, உங்கள் பழைய குவார்ட்டர்பேக்கை எடுக்கலாமா என்றால், அவர் வேறொரு ஊர்க்காரராக இருந்தால் இதே விண்ணப்பத்தை வைத்து எடுப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பதில் ஆமாம் என்றால் தாராளமாக.

கேள்வி: வேலையை விட்டு நீக்கிய ஆளுக்குக் கோடிக்கணக்கில் ஏன் பணம் தருகிறார்கள்? அந்தப் பணத்தில் எத்தனை மாணவர்களைப் படிக்க வைக்கலாம்! — வாசகி, ஹியூஸ்டன்

பதில்: உங்கள் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது, உங்கள் மாநிலத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் ஜிம்போ ஃபிஷரை அனுப்பியபோது தர வேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கும் மேல். 2025இல் எல்எஸ்யூ பிரையன் கெல்லியை அனுப்பியபோது ஏறக்குறைய 5.4 கோடி. சார்லி வைஸ் என்று ஒருவர், நோட்ரடாமில் 2009இல் நீக்கப்பட்டார், கேன்சஸில் 2014இல் நீக்கப்பட்டார், சிறிது காலம் இரண்டு கல்லூரியும் சேர்ந்து அவருக்குப் பணம் தந்துகொண்டிருந்தன.

காரணம் ரொம்ப சாதாரணமானது. கோச் ஒரு நல்ல சீசன் ஆடியதும் வேறு கல்லூரி கூப்பிடுகிறது என்று செய்தி வரும், ஏஜென்ட் பேசுவார், பயத்தில் ஒப்பந்தத்தை நீட்டி, நீக்கினாலும் மீதிப் பணம் நிச்சயம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்து அந்தக் கையெழுத்துதான் கழுத்தைப் பிடிக்கும்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஆஃப்செட் என்ற விதி. நீக்கப்பட்டவருக்கு வேறு வேலை கிடைத்தால் அந்தச் சம்பளத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தால் போதும். பென் ஸ்டேட் 2025 அக்டோபரில் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை அனுப்பியபோது பாக்கி ஏறக்குறைய 4.9 கோடி டாலர் என்றார்கள், அவர் அடுத்த மாதமே வர்ஜீனியா டெக்கில் சேர்ந்ததால் பேசி முடித்தது 90 லட்சம் அளவில். ஃபிஷரின் ஒப்பந்தத்தில் அந்த விதியே இல்லை. தேதியும் முக்கியம்: ஃப்ராஸ்டுக்கு நெப்ராஸ்கா தந்தது 1.5 கோடி, அக்டோபர் 1 வரை மூன்று வாரம் பொறுத்திருந்தால் அதில் பாதிதான்.

தோற்றுக்கொண்டிருக்கும், பணம் குறைவான கல்லூரிக்கு நான் சொல்வது, தலைமை கோச்சின் நிச்சயத் தொகையைக் குறைத்து, அந்தப் பணத்தை உதவி கோச்சுகளின் சம்பளத்தில் போடுங்கள் என்பதுதான். ஜெயித்தால் போனஸ் என்று எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், அதைத் தரும்போது யாருக்கும் வலிக்காது. தன்மேல் நம்பிக்கை உள்ள கோச் இதற்கு ஒத்துக்கொள்வார்.

கேள்வி: 9-3 ஜெயிக்கும் கோச்சையும் சில இடங்களில் அனுப்புகிறார்களே, சரியா? — வாசகர், ஆமஹா

பதில்: உங்கள் ஊர்க் கதையைத்தான் கேட்கிறீர்கள். 2003இல் நெப்ராஸ்கா 9-3 என்றிருந்த ஃபிராங்க் சோலிச்சை அனுப்பியது, மொத்தம் 58-19. 2014இல் இன்னொரு 9-3 கோச், போ பெலினி, அவரையும் அனுப்பியது. அதற்குப் பிறகு வந்த வருடங்கள் உங்களுக்கே தெரியும். தப்பு.

கேள்வி: புதுக் கோச்சுக்கு எத்தனை வருடம் தரலாம்? போர்ட்டல் வந்த பிறகு ஒரே வருடத்தில் அணியை மாற்றிவிடலாம் என்கிறார்களே? — வாசகர், சான் ஹோசே

பதில்: ஸ்னைடர் கதையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா, இங்கே சொல்லிவிடுகிறேன். 1988 நவம்பரில் கேன்சஸ் ஸ்டேட் அவரை எடுத்தபோது அந்த அணி 27 ஆட்டமாக ஒன்றுகூட ஜெயிக்கவில்லை, 26 தோல்வி, ஒரு டிரா. 1989இல் ஒரே ஒரு வெற்றி, நார்த் டெக்சஸுக்கு எதிராக, அந்த மேட்சின் கடைசி முயற்சியில், 20-17. 1-10. அடுத்து 5-6, 7-4, மறுபடி 5-6, அப்புறம் 1993இல் 9-2-1 (கடைசி எண் டிரா). ஐந்து வருடம் ஆகியிருக்கிறது பாருங்கள். அவர் வந்தவுடன் அணியின் சின்னத்தையே மாற்றினார், தோல்வியோடு சேர்ந்து ஞாபகம் வரும் பழைய பூனை வேண்டாம், புதிதாக ஒன்று வரையுங்கள் என்று. கான்ஃபரன்ஸுக்கு வெளியே சுலபமான அணிகளாகப் பார்த்து ஆட்டம் போட்டார், அதைச் சிலர் குறை சொன்னார்கள், ஆனால் ஜெயிப்பது எப்படி இருக்கும் என்றே தெரியாத பையன்களுக்கு அதைக் காட்ட வேண்டும் இல்லையா? மொத்தம் 215 வெற்றி, இன்று ஸ்டேடியத்துக்கே அவர் குடும்பப் பெயர்.

நார்த்வெஸ்டர்னில் கேரி பார்னெட் 3-8, 2-9, 3-7-1 என்று போய், நான்காவது வருடம் 1995இல் 10-2, சீசன் முடிவில் நடக்கும் புகழ்பெற்ற ரோஸ் பவுல் ஆட்டத்துக்கும் போனார்.

இப்போது காலம் மாறியது உண்மைதான். 2025 ஜூலையில் இருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருட வரம்பு எல்லா விளையாட்டும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு 2.05 கோடி டாலர். அதில் ஃபுட்பாலுக்கு உங்கள் கல்லூரி எவ்வளவு ஒதுக்குகிறது என்பதைக் கேட்காமல் "ஏன் இன்னும் ஜெயிக்கவில்லை" என்று கோச்சைக் கேட்பது நியாயமே இல்லை. போர்ட்டல் இருப்பதால் இரண்டாம் வருடமே முன்னேற்றம் கண்ணில் தெரிய வேண்டும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முன்னேற்றம் என்றால் வெற்றி எண்ணிக்கை மட்டும் என்று நினைக்காதீர்கள். 40 புள்ளியில் தோற்றவர்கள் 10 புள்ளியில் தோற்கிறார்களா, போன வருடம் சேர்ந்த நல்ல பையன்கள் இன்னும் இருக்கிறார்களா? என்னைக் கேட்டால் மூன்று முழு சீசன். நிர்வாகம் பணம் ஒதுக்காத வருடத்தை அதில் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

கேள்வி: அண்ணா, இது கோச் தேர்வு பற்றிய கேள்வி இல்லை, ஆனால் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. என் மகன் அஃபென்சிவ் லைனில் (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை) முதல் வருடம். அவனை வீட்டுக்கு வந்து பேசிக் கூட்டிப்போன கோச்சை நீக்கிவிட்டார்கள். இன்னும் புது ஆள் வரவில்லை. கூட இருக்கும் பையன்கள் போர்ட்டலில் போகப் போகிறோம் என்கிறார்கள். இவன் ராத்திரி போன் செய்து ஒன்றும் பேசாமல் இருக்கிறான். நாங்கள் என்ன சொல்வது? — ஒரு தாய், கொலம்பஸ்

பதில்: அம்மா, முதலில், அவன் பேசாமல் இருந்தாலும் போனை வைக்காதீர்கள், நீங்கள் செய்துகொண்டிருப்பது சரிதான்.

அவசரம் வேண்டாம், நேரம் இருக்கிறது. இப்போதைய விதிப்படி புதுக் கோச்சை எடுத்த ஐந்து நாள் கழித்து அந்த அணியின் வீரர்களுக்கென்று தனியாக 15 நாள் போர்ட்டல் திறக்கும். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் விதிகளைக் கவனிக்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் தேதியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். போர்ட்டலில் பெயர் கொடுத்த பிறகு பழைய இடம் அவனுக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது பல பையன்களுக்குத் தெரிவதில்லை. பெயர் கொடுத்த எல்லோருக்கும் வேறு இடம் கிடைப்பதும் இல்லை. நண்பர்கள் போகிறார்கள் என்பதற்காக மட்டும் போகக் கூடாது.

ஸ்காலர்ஷிப் தாளை எடுத்துப் படியுங்கள், ஒரு வருடமா, பல வருடமா, பணம் தரும் ஒப்பந்தம் ஏதும் போட்டிருந்தால் கோச் மாறும்போது என்ன ஆகும் என்று அதில் இருக்கிறதா. அவன் இதுவரை முடித்த பாடங்கள் வேறு கல்லூரியில் செல்லுமா என்று படிப்பு ஆலோசகரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

புதுக் கோச் வந்ததும் அவனே நேரில் போய்ப் பேச வேண்டும், நீங்கள் பேச வேண்டாம். லைனுக்கு யார் கோச், அவர் இருக்கிறாரா, புதிதாக வருகிறாரா என்று கேட்கட்டும், ஏனென்றால் லைன்மேனுக்குத் தினமும் முகத்துக்கு முகம் நிற்கப் போவது அவர்தான். அவனுடைய இடத்துக்கு போர்ட்டலில் இருந்து எத்தனை பேரை எடுக்கப் போகிறீர்கள் என்று நேராகக் கேட்கட்டும். சுற்றி வளைக்காமல், "நாலு பேரை எடுக்கிறேன், நீ போட்டி போட வேண்டியிருக்கும்" என்று சொல்கிற கோச் என்றால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வரும். எல்லோரும் என் பிள்ளைகள்தான் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் வேறு இடத்தையும் பார்த்து வையுங்கள்.

முதல் வருட லைன்மேன் பெரும்பாலும் உட்கார்ந்துதான் இருப்பான், உடம்பு தேற இரண்டு வருடமாவது ஆகும், எந்தக் கல்லூரியானாலும் அப்படித்தான். அவனிடம் அதைச் சொல்லுங்கள், அவன் எதிலும் தோற்றுவிடவில்லை. பேசி முடித்த பிறகு என்ன முடிவெடுத்தான் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.